ஷாங்காய் மினோல்டா

கேள்வி: பழைய பொருள் கடையில் 'சீகல் டி.எஃப்-300' என்ற ஃபிலிம் கேமராவைப் பார்த்தேன். மினோல்டாவைப் பார்த்துச் செய்த சீனத் திருட்டு என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: பிறந்த வீட்டார் சீர் கொடுத்து அனுப்பிய பெண்ணை யாராவது திருடி என்பார்களா? மினோல்டா கொடுத்த உரிமத்தின் பேரில், அதன் எக்ஸ்-300 மாடலை ஷாங்காயில் செய்தார்கள். அதுதான் இது. பின்னாளில் மினோல்டா பெயர் தாங்கிய சில எக்ஸ்-300 வகைக் கேமராக்களே சீனாவில்தான் தயாராயின. நண்பர் இப்போது எதை எதன் நகல் என்பார்?

1985இல் மினோல்டா ஆட்டோஃபோகஸுக்குத் தாவியபோது லென்ஸ் மாட்டும் வாயையே மாற்றிவிட்டது. 1958 முதல் வந்த பழைய லென்ஸ்கள் புதிய கேமராவில் பொருந்தவில்லை. தாய்வீடு ஓரங்கட்டிய அந்த லென்ஸ்களுக்கு அதன் பிறகும் புதுக் கேமரா செய்து தந்தது சீகல். எனக்கு இதன் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

கடைக்குப் போகும்போது இரண்டு எல்.ஆர்.44 பட்டன் பேட்டரி கொண்டுபோங்கள். ஷட்டர் மின்னணுவில் ஓடுவது. பேட்டரி இல்லாமல் அசையாது. வியூஃபைண்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா, பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். பஞ்சை மாற்றிவிடலாம். விளக்கு எரியாவிட்டால் லென்ஸுக்கு மட்டும் விலை பேசுங்கள்.