அரை முட்டை, நாலு ஸ்பூன் சர்க்கரை

கேள்வி: ஸ்பாஞ்ச் கேக்கில் முட்டை சேர்க்கிறார்களே, அப்படியானால் அதுவும் சத்தான உணவுதானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வாதம் நல்ல வாதம்தான். நாலு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா போட்டுச் சுட்டு எட்டுத் துண்டு போட்டால், உங்கள் பங்குக்கு அரை முட்டை வரும். அதாவது 3 கிராம் புரதம். கூடவே 15 கிராம் சர்க்கரையும் வந்து உட்காரும். கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். காபியில் அவ்வளவு போட்டுக் கொடுத்தால் “என்ன, பாயசமா?” என்று கேட்க மாட்டீர்களா? ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நார்ச்சத்து? மைதாவிடம் போய் அதைக் கேட்கலாமா!

ஆனால் கேக்குக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும். அசல் ஸ்பாஞ்சில் வெண்ணெய் கிடையாது. முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, அந்தக் காற்றிலேயே உப்ப வைப்பார்கள். அதனால் கொழுப்பு குறைவு. துண்டுக்குச் சுமார் 150 கலோரிதான். காற்றுக்குக் கலோரி கிடையாது, ஜி.எஸ்.டி. மட்டும் உண்டு. பேக்கரிக்காரர் மேலே விரல் கனத்துக்கு க்ரீம் அப்பினால் இந்தக் கணக்கு செல்லாது. உச்சியில் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் ‘செர்ரி’யோ, பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் பூசிக்கொண்ட நம்மூர்க் களாக்காய். அதைப் பழக் கணக்கில் எழுதலாமா என்று அடுத்த வாரம் கேட்டுவிடாதீர்கள்.