சித்திரையில் வரும் ஜே.இ.

நாங்கள் குடியிருப்பது எந்தத் துறையின் குவார்ட்டர்ஸ் என்று சொல்லப் போவதில்லை. ஆவடியில் டேங்க் ஃபேக்டரி, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று எங்கே கல்லெறிந்தாலும் ஏதாவதொரு குவார்ட்டர்ஸ் ஜன்னலில்தான் விழும். எங்கள் ஜன்னலில் விழுந்தால் புதுக் கண்ணாடி வராது, அட்டைதான்.

எல்லாம் காலண்டர் செய்கிற வேலை. சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நிதியாண்டோ மார்ச் 31-ல் முடிகிறது. ஐப்பசியில் ஹால் ஒழுகும். புகார்ப் பதிவேட்டில் எழுதினால், "எழுதிட்டீங்கல்ல, போங்க சார்" என்பார்கள். தளத்துக்குள் இறங்கிய தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து காங்கிரீட்டைப் பெயர்க்கும். எஸ்டிமேட், ஒப்புதல், டெண்டர் எதற்கும் அது காத்திருப்பதில்லை. பணம் வருவது மார்ச் கடைசியில். செலவழிக்காவிட்டால் லேப்ஸ் ஆகிவிடுமே! அடித்துப் பிடித்து பிளாக் முழுக்க வெளிப்புறம் பெயின்ட் அடிப்பார்கள். மொட்டை மாடிக்கு ஏற யாருக்கு நேரம்? சம்பளத்தில் வீட்டுக்கான பிடித்தம் மட்டும் மழை வெயில் பார்க்காது.

2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில், பழைய குடிசை மாற்று வாரியம் கட்டிய 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்களே முன்கூட்டி வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. டிவியில் அதைப் பார்த்த நாள் முதல் என் மனைவி, எங்கள் வீட்டு விரிசல் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுகிறாள். பிள்ளைகளின் உயரத்தைக் கூட இவ்வளவு ஒழுங்காகக் குறித்ததில்லை.

புகாரைப் பார்க்க ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், வந்தது சித்திரையில். கத்திரி வெயில். நாற்காலியில் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார். "ஈரமே இல்லையே சார்?"

மனைவி நவம்பரில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். மேலிருந்து சொட்டு, கீழே இட்லிக் குண்டான். உன்னிப்பாகப் பார்த்தார்.

"குண்டான் நல்ல கனமா இருக்கே, எங்கம்மா வாங்குனீங்க?"

கேட்டுவிட்டு, "பார்வையிட்டபோது கசிவு இல்லை" என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது சுவரிலிருந்த பென்சில் தேதிகள் கண்ணில் பட்டன. கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நாங்க கூட இப்படி மெயின்டெயின் பண்றதில்லைம்மா. விட்டுடாதீங்க, தொடர்ந்து எழுதிட்டு வாங்க."