எறிபருவம்: விடுபட்டுப்போன 20ஆம் மாதம் பற்றி ஓர் ஆராய்ச்சி

பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பெரியோர் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்தார்கள். பரவலாகச் சொல்லப்படும் கணக்கின்படி 3ஆம் மாதம் காப்பு, 5இல் செங்கீரை, 7இல் தால் என்று தொடங்கி, ஆண்பிள்ளைக்கு 17இல் சிற்றில் சிதைத்தல், 19இல் சிறுபறை, 21இல் சிறுதேர் என்று முடியும். எல்லாம் ஒற்றைப்படை மாதங்கள். அப்படியானால் இரட்டைப்படை மாதங்களில் புலவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பிள்ளை வீசியெறிந்த பொருள்களைப் பொறுக்கப் போயிருந்தார்கள் என்பது என் துணிபு. குறிப்பாக 20ஆம் மாதத்தில் எந்தத் தகப்பனாலும் எழுத்தாணியைக் கையில் பிடித்திருக்க முடியாது. பிடித்திருந்தால் அதுவும் வீசப்பட்டிருக்கும். ஏடு எழுதப்படாமல் போன அந்த ஒரு மாதத்துக்கு 'எறிபருவம்' என்று பெயரிட்டு இக்கட்டுரை தன் வாதத்தைத் தொடங்குகிறது.

ஆய்வுக்களம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. மனைவிக்கு மாற்றல் கடலூருக்கு, எனக்கு வேலை கிடைத்தது சிதம்பரத்தில். இடையில் சுமார் 45 கிலோமீட்டர். யாருக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது என்பதில் நடந்த விவாதத்தின் முடிவை மேலே சொன்ன முகவரியே தெரிவிக்கும். கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தவை 34 அட்டைப்பெட்டிகள், ஒரு பீரோ, ஒரு கிரைண்டர், ஒரு பையன். ஒரே ஒரு பிள்ளையை வைத்து எப்படிப் பொதுவிதி சொல்லலாம் என்று கேட்பவர்களுக்கு: குழந்தை உளவியலில் பெரும்பெயர் பெற்ற சுவிட்சர்லாந்துக்காரர் பியாஜே, தம் சொந்தப் பிள்ளைகள் மூவரைப் பார்த்துத்தான் பாதி உலகத்துக்கும் விதி சொன்னார். அவருடைய மகன் லொரான், கையை நீட்டும் திசையை மாற்றி மாற்றிப் பொருள்களைக் கீழே விட்டு எங்கே விழுகிறதென்று கவனித்ததை அவர் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறார். விழுந்ததை யார் எடுத்தார்கள் என்பது பற்றி அவ்வளவு அக்கறையாக எழுதியதாகத் தெரியவில்லை. திருமதி பியாஜேயைக் கேட்டிருக்க வேண்டும்.

குடிவந்த முதல் நாள் காலையில் பையன் பால்கனி கிரில்லில் முகத்தைப் பதித்து நின்றான். கையில் எவர்சில்வர் கரண்டி. ஊரை ஒருமுறை பார்த்தான், கரண்டியை விட்டான். கீழே துவைக்கிற கல்லில் அது 'ணங்' என்று விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் இந்த ஆராய்ச்சி பிறந்தது, ஏனென்றால் கடலூரில் இது முதல்முறை அல்ல.

1690இல் இதே ஊரில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பெனி மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். அமெரிக்காவில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள். கோட்டை சரி, அதைச் சுற்றிய நிலத்துக்கு எல்லை? பத்திரத்தில் சர்வே எண் கிடையாது. ஒரு பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கும்பெனிக்கு என்று பேச்சு. நாலு பக்கமும் சுட்டார்கள். விழுந்த இடத்துக்குள் இருந்த கிராமங்களெல்லாம், கடலூர்ப் பட்டணம் உட்பட, கைமாறின. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. இன்றும் குண்டு உப்பலவாடி இருக்கிறது, குண்டுசாலை இருக்கிறது. அந்தச் சாலையில் ஆட்டோவில் போகும்போதெல்லாம் நான் பையனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறேன்.

ஆக, கடலூரில் புதிதாகக் குடியேறுகிறவன் முதலில் எதையாவது வீசி எல்லையை நிறுவ வேண்டும் என்பது 300 ஆண்டுக்கும் மேலான ஊர் வழக்கம். பையன் இதை எங்கே படித்தான் என்று தெரியவில்லை.

வீசப்பட்டவற்றின் வரலாற்றைக் கால வரிசையில் ஆராய்ந்தால் அவன் திட்டம் புலப்படும். முதல் வாரம் வீச்சு நேர்க்கீழாக இருந்தது: கரண்டி, சோப்பு டப்பா, கேஸ் லைட்டர். அத்தனையும் கீழ்வீட்டு முற்றத்தில். ஒவ்வொரு முறையும் நான் இறங்கிப்போய், "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி எடுத்துவந்தேன். கும்பெனி காசு கொடுத்தது. நான் மன்னிப்பு கொடுத்தேன். இரண்டாம் வாரம் வீச்சு கிழக்கே திரும்பியது. டிவி ரிமோட் பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்குள் போய், அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று தெரியவந்தது. (பருவங்களின் மாதக் கணக்கை எனக்குச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர்தான். எறிபருவத்தை அவர் ஏற்கவில்லை. ரிமோட்டைத் திருப்பித் தந்தார்.) மூன்றாம் வாரம் என்னுடைய ஒற்றைச் செருப்பு தெருவில் போன மீன்கார அம்மாவின் கூடைக்கு ஓரடி தள்ளி விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வாசலில் நின்று, "மாடியூட்டு அம்மா, சங்கரா இருக்குது" என்று குரல் கொடுக்கிறார். கோவையில் ஏழு வருடம் ஒரே அடுக்ககத்தில் இருந்தோம். எதிர்க்கதவுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்போது எங்களுக்கு எறிகிற வயதில் பிள்ளை இல்லை, பால்கனியும் இல்லை.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்கார அம்மா. வயது எழுபதுக்கு மேல். மகன் சிங்கப்பூரில். குடிவந்த அன்றே பையனைத் தூக்கி, "ஆயாகிட்ட வா" என்றார். எனக்கும் மனைவிக்கும் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு இருப்பவர். பாட்டி ஆத்தாவாகவோ அம்மச்சியாகவோ இருப்பார். தென்னாற்காட்டில் ஆயாதான் பாட்டி என்பது புரிய எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பையனுக்கு இரண்டு நிமிடம். மறுநாள் கரண்டியை விட்டுவிட்டு, "ஆயா! ஆச்சு!" என்று தானே அறிவித்தான்.

ஆயாவின் காலக்கணக்கில் கி.மு., கி.பி. கிடையாது. "தானேவுக்கு முந்தி", "தானேவுக்கு அப்புறம்", அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூரைத் தாக்கிய தானே புயலில் இந்த வாசலில் இருந்த மாமரம் சாய்ந்தது. பின்கட்டு ஓடு பறந்தது. பரணில் இருந்ததெல்லாம் நனைந்து ஊறியது. "எல்லாம் தானேவுல பூட்டுதுப்பா" என்பார். எங்கள் வீட்டில் வீசுவது 'நானே' புயல். சோறா, நானே. சட்டையா, நானே. மாடிப்படியா, நானே. இது கரையைக் கடக்கும் தேதியை வானிலை நிலையம் அறிவிக்க மறுக்கிறது. சேத விவரம் மட்டும் என்னிடம் இருக்கிறது: இரண்டு டம்ளர், ஒரு மூக்குக்கண்ணாடி.

எறிபருவத்துக்கு ஒளிதல் என்று உட்பிரிவு ஒன்று உண்டு. அதற்கான சான்று சிதம்பரத்தில் கிடைத்தது. புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரை வாங்கும் வரை என் பழைய வேட்டியைக் கட்டியிருந்தோம். பையன் அதற்குப் பின்னால் போய் நிற்பான். கால் இரண்டும் தெரியும். "காணோமே!" என்று நாங்கள் அலற வேண்டும். திரையை விலக்கிச் சிரிப்பான். ஒரு நாளைக்கு இது நாற்பது தடவை. கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விடவில்லை என்று குழந்தை உறுதிசெய்துகொள்ளும் பரீட்சை இது என்பார் பியாஜே.

ஒரு சனிக்கிழமை அவனைத் திருப்பாப்புலியூரில் ரயிலேற்றிச் சிதம்பரம் கூட்டிப்போனோம். பரங்கிப்பேட்டை வருவதற்குள் ரயிலுக்கு வெளியே இரண்டு பொருள் போயிருந்தது, அதை விடுங்கள். தெற்குவீதியில் இட்லி, கத்திரிக்காய் கொத்சு. கொத்சு என் சட்டைக்கு, இட்லி அவனுக்கு. பிறகு கோயில். சித்சபையில் நடராஜரை ஒட்டிய சிதம்பர ரகசியத்தின் திரையைத் தீட்சிதர் விலக்கினார். உள்ளே உருவம் இல்லை, தொங்குவது தங்க வில்வ மாலைதான். அங்கே இறைவன் ஆகாயமாக இருக்கிறான் என்பது நம்பிக்கை. கூட்டம் எக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் தோளில் உட்கார்ந்திருந்தவன் இரண்டு கையையும் விரித்து, சபையே கேட்க, "காணோமே!" என்றான்.

நான் கூசிப்போனேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நான் அறுபது வருஷமா வரேன். இவ்ளோ சுருக்கா யாரும் சொல்லல" என்று அவன் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆய்வு முடியும் தறுவாயில் ஒரு நடைமுறை மாற்றம் நிகழ்ந்தது. என் முழங்காலைப் பார்த்து இரங்கி, ஆயாவே ஏற்பாடு செய்தார். பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு ஒயர்கூடை தொங்கும். நாள் முழுக்க விழுந்ததை அவர் அதில் சேர்த்து வைப்பார். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் கயிற்றை இழுப்பேன். போன வியாழக்கிழமை இழுத்தேன். கரண்டி இருந்தது. சோப்பு டப்பா மூடி, கிலுகிலுப்பை, மனைவியின் அலுவலகச் சாவி இருந்தன. அடியில் ஒரு சின்ன மரத்தேர். சாயம் போய், ஓரங்கள் நீரில் ஊறி உப்பிக் காய்ந்திருந்தது. ஒரு சக்கரத்துக்குப் பதில் புதிதாக ஒரு பாட்டில் மூடியை ஆணியடித்து வைத்திருந்தது.

"ஆயா, இது எங்களுதில்லீங்க" என்று கீழே பார்த்துச் சொன்னேன்.

"மேலேர்ந்துதான் வுழுந்துது. எடுத்துக்குனு போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பையனுக்கு 21ஆம் மாதம் பிறக்க அன்றைக்கு நாலு நாள் பாக்கி.