முதுகுல ஒரு கண்ணு

வாரும் மாப்ளே, உக்காரும். அங்கன இல்ல, இந்தப் பக்கம் பெஞ்சுல. என் சைக்கிள்ல மட்டும் சாஞ்சிராதேயும், கண்ணாடி கோணம் மாறிப் போயிரும். காலையில வந்ததுல இருந்து நாலு தடவை திருப்பித் திருப்பி இப்பத்தான் சரியா நிறுத்தியிருக்கேன். ஸ்டாண்டு போட்டு நிக்கிற சைக்கிளுக்குக் கண்ணாடி எதுக்குன்னு கேக்காதேயும். அதைப் பொறவு சொல்லுதேன். எனக்கு வந்திருக்கது சீனி போட்ட டீ. அதையும் நீரு பாக்கல.

என்னமோ கண்ணாடி வாங்கணும்னு போன்ல கேட்டீரே. 27 கியர் வச்ச சைக்கிள் வாங்கையில மாமன் ஞாபகம் வரல. இந்தக் கரிசக்காட்டுல மேடு தேடிப் போனாத்தான் உண்டு, அதுக்கு 27 கியர்! சரி, பட்டணத்துல சம்பளம் வாங்குதவருக்கு ஒத்தப் பல்சக்கரம் பத்தாது. கண்ணாடிக்காவது கேட்டீரே, 30 வருசம் வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தவனை மதிச்சு. போனைக் காட்டும். எத்தனை பாத்து வச்சிருக்கீரு? பதினாலா? பொண்ணு பாக்கையிலகூட மூணாவது வீட்டோட முடிச்சிட்டீரே வே.

எது நல்லதுன்னு அப்புறம் பாப்போம். எதுக்குன்னு சொல்லும் முதல்ல. "பின்னால வண்டி வருதான்னு பாக்க." அதுக்குத்தான் கடவுள் கழுத்து கொடுத்திருக்கானே! திரும்பிப் பாத்தா ஆச்சு. ஆனா நீரு வலது பக்கம் தலையைத் திருப்பினா தோளும் கூடவே வரும், தோளோட கை வரும், கையோட ஹேண்டில் பார் வரும். வண்டி வருதான்னு பாக்கப் போயி வண்டிக்கு முன்னாலயே போயி நிப்பீரு. இதை நான் கதையாச் சொல்லல. எட்டயபுரம் ரோட்டுல இப்படிப் போயி விழுந்தவங்களோட ரிம்முக்கு நான் எத்தனை கோட்டம் எடுத்திருப்பேன் தெரியுமா?

கணக்கும் போட்டுப் பாரும், நீருதான் கம்ப்யூட்டர் படிச்சவராச்சே. நீரு மணிக்கு 15 கிலோமீட்டர்ல மிதிக்கீரு. பின்னால பஸ்சு 60ல வருது. 50 மீட்டர் தள்ளி வருதுன்னு வச்சுக்கிடும். உம்ம மட்கார்டைத் தொட எத்தனை நொடி? போனை எடுக்காதேயும் வே! நாலு நொடி. அந்த நாலுல நீரு திரும்பி, "அது பஸ்சா லாரியா, அரசு பஸ்சா தனியாரா"ன்னு ஆராய்ஞ்சு, திரும்ப முன்னால பாக்கையில ரெண்டு போயிரும். அந்த ரெண்டு நொடியில உமக்கு முன்னால ஒரு குழி, ஒரு நாய், ஒரு ஆட்டோ இதுல எது வேணும்னாலும் வந்து நிக்கலாம். கண்ணாடி இருந்தா கண்ணை மட்டும் ஒரு வெட்டு வெட்டினாப் போதும்.

அதுக்காக அதுலயே குடியிருக்கக் கூடாது. அப்படிக் குடியிருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும்.

எங்க கடையில எட்டு சைக்கிள். மட்கார்டுல செவப்புப் பெயின்ட்ல நம்பர் போட்டிருப்பேன். மணிக்கு 50 காசு. அதுல நாலாம் நம்பருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கண்ணாடி, கிரிப்புல பிளாஸ்டிக் குஞ்சம், ஹப்புல மஞ்சளும் செவப்புமா பிரஷ்சு. ஊரு இளவட்டம் பூராவும் அதுக்குத்தான் அடிச்சுக்கிடும். எதுக்குன்னு நினைக்கீரு? பின்னால பாக்கவா? கண்ணாடியைத் தன் மூஞ்சிக்கு நேராத் திருப்பி, போற போக்குல சீப்பை எடுத்துச் சீவிக்கிடுவான். பின்னால யானை வந்தாலும் தெரியாது.

அதுல ஒருத்தன் மட்டும் கெட்டிக்காரன். வெளியூர் மைனரு. பங்குனிப் பொங்கலுக்கு வந்தவன், நாலாம் நம்பரை எடுத்து, வலது கண்ணாடியை நல்லா வெளிப்பக்கம் திருப்பி வச்சான். பரவாயில்லையே, முறை தெரிஞ்சவன்னு நானும் நினைச்சேன். எங்க தெரு வழியாப் போறான், வாரான், போறான். எங்க வீட்டுத் திண்ணையில என் தங்கச்சி தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கா. நேர வரையில பாக்கதுக்குச் சிக்கல் இல்ல. வீட்டைத் தாண்டின பிறகு கழுத்தைத் திருப்பினா எதுத்த வீட்டுக் கிழவி சும்மா இருப்பாளா? அதான் கண்ணாடியில பாக்கான். ஏழாவது நடையில கண்ணாடிக்குள்ள இருந்து கண்ணை எடுக்க மனசு வரல. முன்னால பருத்திப் பொதி ஏத்தின மாட்டுவண்டி நிக்கி. பருத்திங்கதால பிழைச்சான். கருங்கல் வண்டியா இருந்தா இன்னைக்கு நீரு இல்ல மாப்ளே.

என்ன முழிக்கீரு? போயி உங்க அப்பாட்ட கேளும். ஒடைஞ்ச கண்ணாடிக்கும் ரெண்டு மணி நேர வாடகைக்கும் இன்னும் பாக்கி நிக்கின்னு சொல்லும். சம்பந்தம் ஆயிட்டதால நான் வாய் தொறக்கல.

சரி, போனைக் கொடும். இது என்ன, வெள்ளைக்காரன் தலைக்கவசத்துல ஒரு கம்பி, கம்பி நுனியில எட்டணா அளவுக்குக் கண்ணாடி. சிரிக்காதேயும், இதுல விசயம் இருக்கு. கண்ணுக்குக் கிட்ட இருக்கதால எட்டணா போதும். அதே காட்சி கைப்பிடியில இருந்து தெரியணும்னா உள்ளங்கை அகலம் வேணும். ரோடு குலுங்கினாலும் இது அவ்வளவா ஆடாது. நம்ம கழுத்தை மிஞ்சின ஷாக் அப்சார்பர் உண்டா? தலையைக் கொஞ்சம் அசைச்சா ரோடு முழுக்க ஒரு சுத்துப் பாத்திரலாம். குத்தமும் உண்டு. ஒத்தக் கண்ணாலதான் பாக்கணும், பழக ஒரு வாரமாவது ஆகும், கழட்டி மேசையில வைக்கும்போதெல்லாம் கம்பி வளைஞ்சு திரும்ப முதல்ல இருந்து சரி பண்ணணும். உமக்கு மூக்குக் கண்ணாடி வேற. கண்ணாடிக்கு மேல கண்ணாடி மாட்டிக்கிட்டு எங்க ஊருக்குள்ள வந்தீருன்னா, பிள்ளைக பின்னால ஓடி வாரதைப் பாக்க மட்டும் நல்லா உதவும்.

மணிக்கட்டுல கட்டுதது வேண்டாம். வளையல் கடையில விடும்.

இந்தா, இது நல்லாருக்கு. ஹேண்டில் பார் நுனித் தொளையில சொருகுதது. கம்பி குட்டை, அதனால ஆட்டம் கம்மி. எங்க நாலாம் நம்பருக்கு ஒரு சாண் கம்பி. கல்லு ரோட்டுல ஏறினா ஒரு பஸ்சு மூணு பஸ்சாத் தெரியும், எதுக்கு ஒதுங்கன்னு தெரியாது. சொருகுததுலயும் ஒரு சங்கதி இருக்கு. நேர் ஹேண்டிலுக்கு வெளிவிட்டம் பெரும்பாலும் 22.2 மில்லிதான். ஆனா நமக்கு வேண்டியது உள்விட்டம். அது குழாய்க் கனத்துக்குத் தக்கன மாறும். இரும்புக்கு ஒண்ணு, அலுமினியத்துக்கு ஒண்ணு. ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்கும். உம்ம கிரிப்புக்கு மூஞ்சி அடைச்சிருக்கும், பிளேடால வட்டமா அறுத்து எடுக்கணும். 400 ரூவா கிரிப்பை அறுக்கையில கை நடுங்கும். என்னைக் கூப்பிடும், எனக்கு நடுங்காது. ஹேண்டில் கார்பன்னா மட்டும் உள்ள போட்டு முறுக்காதேயும், விரிசல் விட்டுரும். நுனி வேண்டாம்னா மேல பட்டை போட்டு மாட்டுதது இருக்கு. அதுக்குப் பட்டைக்கு அடியில பழைய டியூப்பு ஒரு துண்டு வெட்டிச் சுத்தி இறுக்கும். வழுக்காது, நடுக்கமும் பாதி குறையும். இது எந்தக் கடையிலயும் விக்காத சாமான், அதனால உமக்குப் பிடிக்காது.

ஏ மாப்ளே, கொஞ்சம் இரும். எந்தப் பக்கத்துக்குப் போட்டிருக்கு இதுல? இடது. சரிதான்! அமெரிக்காக்காரன் ரோட்டுல வலது ஓரமாப் போறவன், அவனை இடது பக்கம் முந்துவாங்க, அவனுக்கு இடது கண்ணாடி. நாம இடது ஓரமாப் போறோம், நம்மளை முந்துதவன் வலது பக்கம் வாரான். இதை வாங்கி மாட்டினீருன்னா வழி நெடுக வேலிக்கருவ மரமும் அதுல மேயுத வெள்ளாடும் தெளிவாத் தெரியும். இயற்கையை ரசிக்கதுக்குன்னா வாங்கிக்கிடும். சில சாமான்ல பக்கம் மாத்திக்கிடலாம், சிலதுல கண்ணாடியோட சாய்வே ஒரு பக்கத்துக்குத்தான் செஞ்சிருக்கும். படிச்சுப் பாத்து வாங்கும். படிக்கத்தான உங்க அப்பா நிலத்தை வித்தாரு.

அடுத்து கண்ணாடியோட வயிறு. தட்டைக் கண்ணாடி இருக்கதை இருக்கபடி காட்டும், தூரத்தையும் ஏமாத்தாது. ஆனா ஜன்னல் வழியாத் தேர் பாத்த மாதிரி, ஒரு துண்டுதான் கிடைக்கும். இன்னொண்ணு குவி ஆடி, உம்ம சித்தப்பா மாதிரி வயிறு தள்ளினது. ரோடு, ஓரம், சந்துல இருந்து ஏறுத டூவீலர், எல்லாத்தையும் உள்ள வாங்கும். வாங்கினதை எல்லாம் சின்னதாக்கிக் காட்டும். சின்னதாத் தெரிஞ்சா நம்ம புத்தி என்ன சொல்லும்? தூரமா இருக்குங்கும். வளைவு கூடினா 30 அடியில வார லாரி 60 அடியில வார மாதிரி சாதுவாத் தெரியும். கார் கண்ணாடியில எழுதியே வச்சிருக்கானே, தெரியுததைவிட வண்டி கிட்ட இருக்குன்னு. நீரு வயிறு லேசாத் தள்ளினதா, மூணு இஞ்சு அகலத்துல வாங்கும். வாங்குமுன்ன கடையில டியூப்லைட்டை அதுல பிடிச்சுப் பாரும். லைட்டு சீரா வளைஞ்சாச் சரி. பாம்பு மாதிரி நெளிஞ்சா கண்ணாடி மட்டம், கடைக்காரன்கிட்டயே கொடுத்துரும். பிளாஸ்டிக்ல வாரது ஒடையாது, ஆனா சட்டைத் துணியால துடைச்சுத் துடைச்சு ஆறு மாசத்துல பனிமூட்டம் ஆயிரும். நம்ம செம்மண்ணு, கரிசத் தூசிக்கு முதல்ல தண்ணிய ஊத்தும், பொறவு துடையும்.

ராடாரா? அதென்ன புதுசு? சீட்டுக்கு அடியில மாட்டினா 140 மீட்டர்ல வண்டி வாரதைச் சொல்லுமா? கார்மின்காரன் 2015லயே கொண்டாந்துட்டானா! நல்லதுதான். ராத்திரியும் வேலை செய்யும். ஆனா அது வேகத்தை மோப்பம் பிடிக்க சாமான். உம்ம பின்னாலயே, உம்ம வேகத்துலயே ஒருத்தன் ஒட்டிக்கிட்டு வந்தான்னா அது கண்டுக்கிடாது. கடன் கொடுத்தவன் அப்படித்தான் வருவான் மாப்ளே. அதுபோக, வண்டி வருதுன்னு அது சொல்லும், அந்த வண்டி ஒதுங்குதா, உம்மேல ஏறுதான்னு சொல்லாது. அதுக்குக் கண்ணாடிதான்.

மாட்டிட்டா மட்டும் ஆச்சா? பெரும்பாலான ஆளு சைக்கிள் பக்கத்துல நின்னுக்கிட்டு கண்ணாடியைத் திருப்பி வைப்பான். ஏறி உக்காந்தா வானம் தெரியும், இல்லன்னா அவன் தொடை தெரியும். உம்ம சைக்கிள்ல ஏறும். சுவத்தைப் பிடிச்சுக்கிடும். மிதிக்கையில எப்படிக் குனிவீரோ அப்படியே குனியும். இப்ப நான் என் பழைய கண்ணாடியை உம்ம ஹேண்டில் நுனியில பிடிச்சுக்கிட்டுப் பெருவிரலால தள்ளுதேன், பாரும். உள்பக்க ஓரத்துல உம்ம முழங்கை ஒரு கீத்து தெரியணும். தெரியுதா? அது இருந்தாத்தான் மத்தது எங்க இருக்குன்னு அளவு பிடிபடும். ரோடு வானத்தைத் தொடுத கோடு கண்ணாடிக்குப் பாதியில வரணும். அந்தா பால்காரன் வாரான், அவனைப் பாத்துக்கிட்டே இரும். கண்ணாடியில இருந்து எப்ப மறையுதான், பக்கத்துல எப்ப தெரியுதான்? நடுவுல ஒரு கணம் ரெண்டுலயும் இல்ல பாத்தீரா? அந்தக் கணத்துலதான் மாப்ளே ஆளு அடிபடுதது. அதனால திரும்புறதுக்கு முன்ன ஒரு தடவை கழுத்தையும் திருப்பிரும். ஒத்தச் சாட்சியை நம்பி எந்த நாட்டாமையும் தீர்ப்புச் சொல்ல மாட்டான். உமக்குக் கழுத்து திரும்பும், எனக்குத்தான் எலும்பு தேஞ்சு போச்சு.

இப்பச் சொல்லுதேன், என் சைக்கிள் எதுக்கு இப்படிக் கோணலா நிக்கின்னு. இங்க வாரும், என் இடத்துல இருந்து பாரும். என்ன தெரியுது? கோயில் முக்கு, அடிபம்பு, எங்க சந்து. டாக்டர் டீக்குச் சீனி போடாதேயும்னான். அவன் சொன்னது மாத்திரைச் சீட்டோட போச்சு, உம்ம அத்தைதான் அதைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கா. சந்தை விட்டு அவ வெளிய கால் வச்சா எனக்கு இங்க தெரிஞ்சிரும். அடிபம்பைத் தாண்டுததுக்குள்ள இந்த டம்ளரு உம்ம கைக்கு வந்துரும், வடை உம்ம தட்டுக்கு வந்துரும். கழுத்தையே திருப்ப வேண்டாம். எத்தனை மாசமா ஓடுது தெரியுமா இந்த ஏற்பாடு? பழைய கண்ணாடி போன வாரம் கீழ விழுந்து கீறிட்டு. இது பைக்குக் கடையில புதுசா வாங்கிப் போட்டது. வயிறு கொஞ்சம் பெருசு, ஆனா தெரு முழுக்க விழுது பாரும்.

அந்தா, பச்சைச் சேலை. சொன்னேன்ல? அடிபம்புகிட்ட, கட்டைவிரல் உசரம்கூட இல்ல. பதறாதேயும், இன்னும் எம்புட்டோ தூரம் கிடக்கு. இந்தக் கடைசி மடக்கைக் குடிச்சிட்டுத் தாரேன். என்ன எந்திரிக்கீரு? யாரைப் பாத்துக் கும்பிடுதீரு?

வா வா... உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். இதா? இது மாப்ளைக்கு வாங்கின டீ. சூடு இருக்கான்னு பாத்தேன். சொல்லும் மாப்ளே... வாயத் தொறந்து சொல்லும் வே.