பெட்டியோடு வந்த லென்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

கமரா வாங்கியவர்களும், கமரா வாங்கியவரிடம் அகப்பட்டுக்கொண்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இம்முறை.

கே: மிரர்லெஸ் கமராவோடு பெட்டியில் வந்த கிட் லென்ஸை வைத்துக்கொண்டு உருப்படியான படம் எடுக்க முடியாது என்கிறார் கனடாவிலிருந்து வந்த என் மச்சான். உண்மையா?
– ‘புதுக் கமரா’, வெள்ளவத்தை

ப: மச்சான் கனடாவிலிருந்து என்ன லென்ஸ் கொண்டுவந்தார் என்று முதலில் கேளுங்கள். அபிப்பிராயம் மட்டும் என்றால், பயணப் பொதியில் எடை கூட்டாத சாமான் அது ஒன்றுதான்.

கிட் லென்ஸில் கம்பனிக்காரர் பெரிதாக மிச்சம் பிடித்த இடம் வெளிச்சம். நிகானின் 16-50 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5இல் தொடங்கும், கெனானின் 18-45 எஃப் 4.5இல் தொடங்கும். ஸூம் செய்து முடியும்போது இரண்டும் எஃப் 6.3இல் வந்து நிற்கும். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று உள்ளே விடுகிற வெளிச்சத்தில் 6.3 விடுவது பன்னிரண்டில் ஒரு பங்குதான். பதிலுக்கு இரண்டும் 140 கிராமுக்குள் அடங்குகின்றன. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காலி வீதியில் நடக்கலாம். பகல் வெளிச்சத்தில் எஃப் 8இல் வைத்து எடுத்த படத்தைக் கைபேசியில் பார்த்து, எந்த லென்ஸ் என்று மச்சானால் சொல்ல முடிந்தால் எனக்கும் எழுதுங்கள். ஆகவே இந்த லென்ஸுக்கு நீங்கள் தேடிக் கொடுக்கவேண்டியது வெளிச்சம். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

கே: புதுக் கமரா. ஓன் செய்தால் படம் எடுக்க மறுக்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்கவா?
– ‘பதற்றம்’, பம்பலப்பிட்டி

ப: லென்ஸின் வளையத்தைத் திருப்பி வெளியே நீட்டுங்கள். பையில் இடம் பிடிக்காமல் இருக்க, இந்த வகை லென்ஸ்கள் பல சுருங்கிக் கிடக்கும். நீட்டும்வரை கமரா மறுக்கும். ஏற்கெனவே கடைக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டீர்களென்றால், இந்தப் பக்கத்தைக் கடைக்காரரின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் வரவேண்டும் என்று எஃப் 3.5இல் வைத்து எடுத்தேன். பின்னால் நிற்கும் ஓட்டோவின் இலக்கத் தகடுகூட வாசிக்கக்கூடியதாக இருக்கிறது!
– ‘தெளிவானவன்’, கொட்டாஞ்சேனை

ப: பொலிஸாருக்கு உதவும். அக்காவின் படத்துக்கு உதவாது.

எஃப் இலக்கம் சிறிதானால் பின்னணி கரையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரே குவியத் தூரத்தில் சரி. உங்கள் 3.5 கிடைப்பது 16 மி.மீ. பக்கத்தில் மட்டும். 16ஐ 3.5ஆல் வகுத்தால் லென்ஸின் துவாரம் சுமார் 4.6 மி.மீ. விட்டம். 50ஐ 6.3ஆல் வகுத்தால் சுமார் 8 மி.மீ. பின்னணியைக் கரைப்பது இந்த விட்டம். ஆகவே ஸூமை முழுவதும் நீட்டுங்கள். தலையும் தோளும் சட்டத்தை நிரப்பும் அளவுக்குக் கிட்டப் போங்கள். ஆளைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் நாலைந்து மீற்றர் முன்னுக்கு அழைத்து வாருங்கள். இன்னொரு இலாபமும் உண்டு: 16 மி.மீ.இல் முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு முன்னுக்கு வந்துவிடும்; 50இல் தள்ளி நின்று எடுத்தால் மூக்கு இருக்கவேண்டிய அளவில் இருக்கும். அக்காவும் பேச்சுவார்த்தையில் இருப்பார்.

கே: சித்திரைப் புத்தாண்டன்று நண்பகல் மொட்டை மாடியில் முழுக் குடும்பத்தையும் நிறுத்தி எடுத்தோம். எல்லோருடைய கண்ணும் கறுப்புக் குழியாக வந்திருக்கிறது. நல்ல லென்ஸ் வாங்கவா?
– ‘மூத்த மருமகன்’, வெள்ளவத்தை

ப: வேறு சூரியன் வாங்கவேண்டும். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகற் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். புத்தாண்டன்று அது உச்சியிலிருந்து மூன்று பாகைகூட விலகியிருக்காது. புருவத்தின் நிழல் கண்ணில் விழாமல் வேறெங்கே போகும்? இலட்ச ரூபாய் லென்ஸும் அந்தக் குழியை அப்படியே, இன்னும் கூர்மையாகக் காட்டும்.

கைவிசேஷத்துக்குப் பஞ்சாங்கம் சுபநேரம் போட்டுத் தருகிறது. படத்துக்கான சுபநேரம் காலை எட்டுக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். நடுப்பகலில்தான் எல்லோரும் ஒன்றுசேர்வார்கள் என்றால், வாசல் நிழலுக்குள் ஓரடி உள்ளே, முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் முன்பக்கமாக, மென்மையாக விழும். செலவு இல்லை, மாமிக்கு வியர்வையும் இல்லை.

கே: மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் நான் எடுத்த படங்கள் எல்லாம் ஆடியிருக்கின்றன. லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறது என்றுதானே விற்றார்கள்? சில படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகளும் ஓடுகின்றன.
– ‘கலியாண வீட்டுச் சித்தப்பா’, கொட்டாஞ்சேனை

ப: அந்த வசதி உங்கள் கை நடுக்கத்துக்கு. மாப்பிள்ளையின் கை நடுக்கத்துக்கு அது பொறுப்பில்லை. அசையும் ஆளை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும். குறைந்தது 1/100 செக்கன். அதற்கு ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று ஏறவிடுங்கள். பொரிப் பொரியாக வந்த படத்தை மென்பொருள் ஓரளவு ஆற்றிவிடும். ஆடிப்போன தாலிகட்டைத் திரும்ப நடத்த முடியாது.

பட்டைகளுக்குக் காரணம் மின்விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் பல எல்.ஈ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. ஷட்டரை 1/100இலோ, ஆட்கள் அசையாதபோது 1/50இலோ வைத்தால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். மெனுவில் விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பிளாஷ் இருந்தால் முகத்துக்கு நேரே அடிக்காமல் வெள்ளைக் கூரையைப் பார்த்து அடியுங்கள். கூரையில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் வேண்டாம், பொம்பிளை சிவந்துபோவார். வெட்கம் என்று யாரும் நம்பமாட்டார்கள். கடைசியாக ஒன்று: காசு கொடுத்துப் பிடித்த படப்பிடிப்பாளருக்கு முன்னால் நிற்காதீர்கள். கலியாண அல்பம் முழுக்க உங்கள் முதுகைப் பார்ப்பதற்கு அவர்கள் காசு கொடுக்கவில்லை.

கே: மரைன் டிரைவில் சூரியன் மறைவதை எடுத்தால் வானம் வெளுத்து, சூரியன் பாட்டியின் திருநீற்றுப் பொட்டு மாதிரி வருகிறது. கண்ணுக்குத் தெரிந்த செம்மஞ்சள் எங்கே?
– ‘அந்திப் பொழுது’, வெள்ளவத்தை

ப: கமரா கருமையான பாறையையும் தண்டவாளத்தையும் பார்த்து, “ஐயோ, இருட்டு!” என்று வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எக்ஸ்போஷர் திருத்தத்தை ஒன்று அல்லது ஒன்றரை படி குறையுங்கள். நிறம் திரும்பி வரும். ஆட்கள் நிழலுருவாக வருவார்கள். அதுதான் அந்த இடத்தின் அழகு: கடலுக்கும் வீதிக்கும் நடுவே கரையோர ரயில் பாதை ஓடுகிறது. பெட்டி வாசலில் தொங்கும் பயணிகளோடு ஒரு ரயில் போனால் படம் தானாக அமைந்துவிடும். தண்டவாளத்தில் ஏறி நின்று எடுக்கவேண்டாம். வாசகர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை.

சூரியன் மறைந்தவுடன் பிளேன்டீ குடிக்க ஓடாதீர்கள். நம் பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடம் அளவில் முடிந்துவிடும். நீலமும் ஊதாவும் வருவது அதற்குள்தான். வீடு திரும்பியதும் கமராவையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள். கடற்காற்றில் உப்பு இருக்கிறது; இந்த மலிவு லென்ஸ்களுக்கு அதைத் தடுக்கும் இறப்பர் அடைப்புகள் பெரும்பாலும் இல்லை. கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

கே: கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தை எடுத்தால் கட்டடம் பின்னுக்குச் சாய்கிறது.
– ‘பங்குவாசி’, கொட்டாஞ்சேனை

ப: பேராலயம் நேராகத்தான் நிற்கிறது, பயப்படவேண்டாம். சாய்ந்தது உங்கள் கமரா. முன்வாசலில் நின்று அகலக் கோணத்தில் அண்ணாந்து எடுத்தால் நெட்டுக்கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று தேடிப் போகும். பின்னுக்கு நடந்து, கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் தெரியும். கீழே வெறும் தரை அதிகமாக வந்தால் வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சல் வைத்திருப்பது பின் எதற்கு? கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ (RAW) கோப்பில் ஓரங்கள் வளைந்திருந்தாலும் திகைக்கவேண்டாம். இந்த லென்ஸ்களின் வளைவை மென்பொருள் நிமிர்த்தும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் சரி.

கே: கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலின் கருங்கல் என் படத்தில் சாம்பலாகவும், மகளின் வெள்ளைச் சீருடை அழுக்காகவும் வருகிறது. ஒரே கமரா, இரண்டு குற்றம்!
– ‘பள்ளிக்கூட அம்மா’, கொட்டாஞ்சேனை

ப: குற்றம் ஒன்றுதான். உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் என்பது கமராவின் கொள்கை. கறுப்பைக் கண்டால் வெளுக்கும், வெள்ளையைக் கண்டால் மங்கவைக்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த கோயில் அது. கல்லின் கருமை வேண்டுமென்றால் திருத்தத்தை முக்கால் படி குறையுங்கள். சீருடைக்கு முக்கால் படி கூட்டுங்கள். சலவைத்தூளை மாற்றத் தேவையில்லை. கோயிலுக்குள் எடுக்கமுன் அனுமதி கேளுங்கள்.

கே: இவர் கமரா வாங்கிய நாள் முதல் நான் சமைத்த எதையும் சூடாகச் சாப்பிட்டதில்லை. படமும் நன்றாக இல்லை.
– ‘ஆறிய புட்டு’, வெள்ளவத்தை

ப: அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தட்டை ஜன்னல் ஓரம் வைத்து, சமையலறை விளக்கை அணைக்கவேண்டும். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் கறி நோயாளி மாதிரித் தெரியும். ஜன்னல் தட்டுக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்தால் குழம்பில் மினுக்கம் வரும். பல கிட் லென்ஸ்கள் 20, 25 செ.மீ. வரை கிட்டப் போய்க் குவியும். அந்தத் தூரம் அளக்கப்படுவது கமராவுக்குள் இருக்கும் சென்சரிலிருந்து. ஆகவே அவர் நினைப்பதைவிட நெருங்கலாம். வெறுந் தட்டை வைத்து எல்லாம் சரிபார்த்த பிறகே புட்டு வரவேண்டும். மூன்று படம். அதற்கு மேல் கேட்டால் அவருக்கு மட்டும் ஆறிய புட்டு.

கே: லயனல் வென்டின் கையில் என் கிட் லென்ஸைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்?
– ‘கலை ஆர்வம்’, வெள்ளவத்தை

ப: வளையத்தைத் திருப்பிப் பார்த்து வியந்திருப்பார். 1900இல் கொழும்பில் பிறந்து, சட்டம் படித்து, பியானோ வாசித்து, கமராவால் பெயர் பெற்ற அந்த மனிதர் 1944இல் காலமானபோது நிழற்படக் கமராவுக்கு ஸூம் லென்ஸே விற்பனையில் இல்லை. முதலாவதான வொய்க்லேண்டர் ஸூமார் 1959இல்தான் வந்தது. வென்ட் நடந்தார், குனிந்தார், காத்திருந்தார். மீதியை இருட்டறையில் பரிசோதித்தார்.

நீங்களும் ஒரு நாள் ஸூமை 35 மி.மீ.இல் நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டிவிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெரு வரை நடந்து எடுத்துப் பாருங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையில் வைத்தால் நிறம் கண்ணைக் குழப்பாது, வெளிச்சம் மட்டும் தெரியும். ரோவில் நிறம் பத்திரமாக இருக்கும். கடை வாசல்களில் கேட்டுவிட்டு எடுங்கள். நகைக்கடைக் காவலாளியிடம் நகைச்சுவையை எதிர்பார்க்கக் கூடாது.

கே: ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் புகை பிடிக்கிறது.
– ‘குளிர்ச்சி’, கொள்ளுப்பிட்டி

ப: வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. வெளியே வரமுன் கமராவை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். சேர்ட் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தால் பூச்சுத்தான் தேயும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே பூட்டி வைத்தால் பூஞ்சணம் குடியேறும், வாடகையும் தராது.

கே: அப்பாவின் பழைய பிலிம் கமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இருக்கிறது. என் கமராவில் பொருந்துமா?
– ‘வாரிசு’, கொட்டாஞ்சேனை

ப: அடப்டர் வளையம் ஒன்றோடு, பெரும்பாலும் பொருந்தும். பழைய கமராக்களில் கண்ணாடிக்கு இடம் விடவேண்டி, லென்ஸுக்கும் பிலிமுக்கும் 40 மி.மீ.க்கு மேல் இடைவெளி வைத்தார்கள். மிரர்லெஸ் கமராவில் கண்ணாடி இல்லை. சோனி ஈ வகையில் இடைவெளி 18 மி.மீ., நிகான் இசட்டில் 16 மி.மீ. மிஞ்சும் இடத்தில் வளையம் உட்காரும். போக்கஸைக் கையால் திருப்பவேண்டும். பூட்டமுன் டோர்ச் அடித்து உள்ளே பூஞ்சணம் இருக்கிறதா பாருங்கள். எஃப் 1.8 என்று எழுதியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தக் காலத்தில் கமராவோடு பெட்டியில் வந்தது பெரும்பாலும் அப்படிப்பட்ட லென்ஸ்தான். அதாவது அப்பா வைத்திருந்ததும் கிட் லென்ஸ்.

கே: சரி, எப்போதுதான் அடுத்த லென்ஸ் வாங்கலாம்?
– ‘பொறுமை இழந்தவன்’, வெள்ளவத்தை

ப: நீங்களே விரும்பும் நூறு படங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் விபரத்தையும் கணினியில் பாருங்கள். பெரும்பாலானவை ஐ.எஸ்.ஓ. 6400இல், மண்டபத்திலும் வீட்டுக்குள்ளும் எடுத்தவை என்றால் 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்குங்கள். எல்லாம் ஸூமின் கடைசி நுனியில், இன்னும் நீளாதா என்று ஏங்கியவை என்றால் 200 வரை போகும் ஸூம் ஒன்றைப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் சிதறிக் கிடந்தால் உங்களுக்கு லென்ஸ் தேவையில்லை. இரண்டடி முன்னுக்கு நடந்தால் போதும். லென்ஸுக்கு 18 வீதம் வற் வரி உண்டு. நடப்பதற்கு இன்னும் போடவில்லை.