லாக்கருக்குள் அதிரும் நீதி

நீதி இனி உள்ளங்கைக்கே வரும் என்று தகராறுகளை இணையவழியில் தீர்ப்பதற்கு 2021இல் நிதி ஆயோக் ஓர் அறிக்கையே போட்டது. நல்ல யோசனைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் அந்த உள்ளங்கை ஷிப்ட் முழுக்கக் காலி. பல ஆலைகளில் செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அங்கே தயாராவது செல்போனே ஆனாலும். காலை பதினோரு மணிக்குக் காணொளி விசாரணை என்றால், மனுதாரர் லாக்கருக்குள் அதிர்ந்துகொண்டிருப்பார்.

தொழில் தகராறுகளுக்கு மத்திய அரசின் ‘சமாதான்’ தளம் உண்டு. ஆனால் தனியார் கார் ஆலைத் தகராறு மாநில அரசின் பொறுப்பு. வேறு கதவைத் தட்ட வேண்டும்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக்கூடாது என்று கம்பெனிக்கு ஆட்சேபம். உயர் நீதிமன்றம் வரை போய், சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். ஃபிரிட்ஜை வைஃபையில் இணைக்க அத்தனை நாள் ஆவதில்லை.

2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் எந்த ஆப்பையும் தேடவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் தேடி வந்தார்கள். யாரிடமும் ஓடிபி கேட்கவில்லை.