பவுலர் தொப்பி: மிதியும் மதிப்பும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொப்பியின் தரத்தை அளக்கும் கருவி தலை என்றே அறிஞர்கள் இதுவரை நம்பி வந்துள்ளனர். அது கால் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்சான்று 1849-ஆம் ஆண்டு லண்டனில் கிடைக்கிறது. நார்ஃபோக்கின் ஹோல்காம் எஸ்டேட்டில் வேட்டைக் காவலர்கள் குதிரைமேல் போகும்போது தாழ்ந்த கிளைகள் அவர்களுடைய உயரத் தொப்பிகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம்மவர்கள் திருப்திப்பட்டிருப்பார்கள். எஸ்டேட்டுக்குச் சொந்தமான பிரபு வீட்டு எட்வர்ட் கோக் தலைப்பாகையும் போகக்கூடாது என்றார். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெரு லாக் தொப்பிக் கடையில் சொல்லிவைத்தார். தாமஸ், வில்லியம் என்ற பவுலர் குடும்பத்தார் செய்து கொடுத்தார்கள் (கிரிக்கெட் ரசிகர்கள் மன்னிக்க). வாங்க வந்த கோக், அதைத் தரையில் போட்டு இரண்டு முறை ஏறி மிதித்தாராம். நசுங்கவில்லை. பன்னிரண்டு ஷில்லிங்கை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். லாக் கடையில் இன்றும் அந்தத் தொப்பிக்கு மிதித்தவர் பெயர்தான். இதைவிட வலுவான ஆதாரம் எந்தக் கோட்பாட்டுக்கும் வாய்த்ததில்லை.

நசுங்காததன் காரணம் அரக்கு. முயல் ரோமத்தை அமுக்கிச் செய்த ஃபெல்ட்டில் அரக்கை ஏற்றி விறைப்பாக்குவார்கள். அரக்கால் மாளிகை கட்டிப் பாண்டவர்களைக் கொளுத்த நினைத்த துரியோதனன், அதே சரக்கில் தொப்பி செய்து விற்றிருந்தால் குருட்சேத்திரமே நடந்திராது என்பது என் துணிபு.

மறுப்பாளர் ஒன்று கேட்கலாம்: லண்டன் வங்கிக்காரர்கள் ஏன் இதை அணிந்தார்கள்? வங்கிகளுக்குக் கிளைகள் உண்டு, தலையில் இடிப்பதில்லை. நியாயமான கேள்வி, ஆகவே கடந்து செல்வோம். 1914-இல் சாப்ளின் இதை நாடோடியின் தலைக்குக் கொண்டுவந்தார். பிறகு லாரலும் ஹார்டியும் ஒருவர் தொப்பியை மற்றவர் மாட்டிக்கொண்டு திண்டாடினார்கள். 1964-இல் மக்ரித் வரைந்த ஓவியத்தில் தொப்பிக்காரரின் முகத்தை ஒரு பச்சை ஆப்பிள் மறைக்கிறது. அங்கே மிதி இல்லை. ஓவியத்துக்கு விலக்கு அளிக்கிறோம்.

உண்மையான சிக்கல் பொலிவியாவில். ரயில்வே வேலைக்கு வந்த ஐரோப்பியர்களுக்காக இறக்கிய தொப்பிகள் சிறுத்துப்போனதால் பெண்களிடம் தள்ளிவிட்டார்கள் என்று அங்கே ஒரு கதை. எப்படி வந்ததோ, ஆண்களுக்கென்று பிறந்த தொப்பி லா பாஸில் ஐமாரா பெண்களின் இரட்டைப் பின்னல்மேல் உச்சியில் நிற்கிறது, அதுவும் ஐரோப்பாவில் இருந்ததைவிடக் கம்பீரமாக. அந்தத் தொப்பியைக் கீழே போட்டு மிதித்துச் சோதிக்க இவ்வாய்வாளர் துணியவில்லை. பக்கத்து எல் ஆல்டோவில் பாவாடையும் அதே பின்னலுமாகப் பெண்கள் மேடையேறி மல்யுத்தம் செய்கிறார்கள்.